லோட்டோஃபாங்காவின் ஃபியாமே

சமோவா என்றதும் நம்மில் பலருக்கு ரக்பிதான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது என் வேலையிடம். தெற்கு ஆக்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர்களில் சமோவாக்காரர்கள் ஏராளம், நாங்கள் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளிலும் அப்படித்தான். சமோவாவின் ஜனத்தொகையே இரண்டு லட்சம் சொச்சம். கிட்டத்தட்ட அதே அளவு சமோவா வம்சாவளியினர் நியூசிலாந்தில் இருக்கிறார்கள். அதனால் சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் நடக்கும் அரசியல் எங்கள் டீ ரூமிலும் சூடு பறக்கும். ஃபியாமே நவோமி மாத்தாஃபா என்ற பெயர் என் காதில் விழுந்ததும் அங்கேதான்.

அவர் 2021இல் சமோவாவின் முதல் பெண் பிரதமரானார். 2025இல் பதவியை இழந்தார். நான் தேடிப் பார்த்தவரை, தமிழில் அவரைப் பற்றி அந்த ஒற்றை அடைமொழியைத் தாண்டி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எனக்கு அது போதவில்லை. அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள சமோவாவின் ஒரு குறிப்பிட்ட கோர்ட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். நிலங்களுக்கும் குடும்பப் பட்டங்களுக்குமான நீதிமன்றம் அது. இருபது வயதில் அங்கே போராடி ஜெயித்தவர், அறுபத்து மூன்று வயதில் அதே கோர்ட் சம்பந்தமான ஒரு சட்டத்துக்காகத் துணைப் பிரதமர் பதவியை உதறினார். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவிலும் பின்னாலும் வருவதுதான்.

முதலில் பட்டம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சமோவாவில் ஒவ்வொரு பெரிய குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைத் தாங்குகிறவர்தான் மதாய், அதாவது குடும்பத் தலைவர். குடும்பத்தின் நிலம் அவர் பொறுப்பில் இருக்கும். கிராமத்து ஃபோனோ என்ற சபையில் குடும்பத்துக்காகப் பேசுவதும் அவர்தான். நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்றும் இப்படிப்பட்ட குடும்ப நிலம்தான், விற்க முடியாது. அப்பாவிடம் இருந்த பட்டம் தானாகப் பிள்ளைக்கு வந்துவிடாது. குடும்பத்தின் எல்லாக் கிளைகளும் கூடிப் பேசி, இவர்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் கோர்ட்.

எங்கள் வார்டில் வேலை செய்யும் ஒரு மூத்த பெண்மணி இருக்கிறார், நான் மனதுக்குள் அக்கா என்றே வைத்திருக்கிறேன். அவருடைய தம்பிக்குப் பட்டம் கட்ட முடிவானபோது இந்த ஏற்பாட்டைக் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். சிட்னி, வெலிங்டன், ஆப்பியா என்று சிதறிக் கிடந்த சொந்தங்கள் போனில் மணிக்கணக்காகப் பேசின. பெரியப்பா வழி ஒன்று சொல்லும், அத்தை வழி வேறொன்று சொல்லும். ஒரு வழியாக முடிவானதும் அக்கா வீட்டு முன்னறையில் சீமைப் பசு இறைச்சி டின்களும் மீன் டின்களும் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டன. பக்கத்திலேயே பழைய துணி சுற்றி வைத்த நெய்பாய்கள். பட்டுத்துணி மாதிரி மெல்லிசாக இருக்கும் அந்தப் பாய்களை விரலால் தொட்டுப் பார்க்க மட்டும் எனக்கு அனுமதி கிடைத்தது. தாழை ஓலையை நூலாகக் கிழித்து மாதக்கணக்காக நெய்வார்களாம். பட்டம் கட்டும் சடங்கில் அவை கைமாறும். அக்கா ஓவர்டைம் செய்து சேர்த்த பணத்தில் பெரும்பங்கு அதற்கே போனது. அவர் அதைச் செலவு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஃபியாமே என்பதும் அப்படி ஒரு பட்டம்தான். உபொலு தீவின் தென்கரையில் இருக்கும் லோட்டோஃபாங்கா கிராமத்துப் பட்டம். நவோமி என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர்.

அவர் பிறந்தது 1957 ஏப்ரல் 29. அப்போது சமோவா நியூசிலாந்தின் ஆளுகையில் இருந்தது. ஜெர்மனிக்காரர்களிடமிருந்து 1914இல் நியூசிலாந்துப் படை அதைக் கைப்பற்றியது. அந்த ஆட்சி எப்படி இருந்தது என்பதற்கு இரண்டு சம்பவம் போதும். 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் ஆப்பியாவுக்கு வந்தது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். தனிமைப்படுத்தாமல் இறங்க விட்டார்கள். அடுத்த சில வாரங்களில் சுமார் 8,500 பேர் செத்துப்போனார்கள், ஐந்தில் ஒருவருக்கும் மேல். பக்கத்திலேயே அமெரிக்கக் கட்டுப்பாட்டில் இருந்த கிழக்குச் சமோவாவில் துறைமுகத்தைக் கண்டிப்பாகக் காவல் காத்ததால் ஒருவர்கூடச் சாகவில்லை. நர்ஸ் வேலை பார்க்கும் எனக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது கை நடுங்கியது. இரண்டாவது சம்பவம் 1929 டிசம்பர் 28. சுயாட்சி கேட்டு மாவ் இயக்கத்தினர் ஆயுதம் இல்லாமல் ஊர்வலம் போனபோது நியூசிலாந்துப் போலீஸ் சுட்டது. இயக்கத்தின் தலைவர், பெருங்குடிப் பட்டம் தாங்கிய துப்புவா தமசேசே லேயாலோஃபி, அந்தத் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார். இவை எல்லாவற்றுக்கும் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் மன்னிப்புக் கேட்டது 2002இல்தான்.

1962 ஜனவரி 1 அன்று சமோவா விடுதலை பெற்றது. பசிபிக் தீவு நாடுகளில் முதலில் சுதந்திரம் வாங்கியது அதுதான். அப்போதைய பிரதமர் நவோமியின் அப்பா, ஃபியாமே மாத்தாஃபா ஃபவ்முயினா முலினூ. 1959இலிருந்தே அந்தப் பதவியில் இருந்தவர். சமோவாவின் நான்கு மிக உயர்ந்த பட்டங்களில் ஒன்றான மாத்தாஃபாவும் அவரிடம் இருந்தது, ஊர்ப்பட்டமான ஃபியாமேயும் இருந்தது. அம்மா லாவுலு ஃபெத்தாவுயிமலேமாவு ஆசிரியை. பெண்கள் அமைப்புகளைக் கட்டி வளர்த்தவர். கணவர் இறந்த பிறகு எம்.பி.யும் ஆனார், பிற்பாடு நியூசிலாந்தில் சமோவாவின் தூதரகப் பொறுப்பிலும் இருந்தார். 2019இல் காலமானார். எங்கள் இல்லத்துப் பாட்டிகளிடம் மகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே அம்மாவுக்குப் போய்விடுவார்கள்.

நவோமியைச் சின்ன வயதிலேயே வெலிங்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். பள்ளிப் படிப்பை அங்கே முடித்து விக்டோரியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். 1975 மே மாதம் அப்பா பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். பெண்ணுக்குப் பதினெட்டு வயது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அப்பாவிடம் இருந்த மாத்தாஃபா பட்டம் வேறு கிளைக்குப் போனது. லோட்டோஃபாங்காவின் ஃபியாமே பட்டம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. சொந்தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அந்தக் கோர்ட்டில் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. வழக்காடுகிறவர்களே எழுந்து நின்று வம்ச வரலாறு சொல்ல வேண்டும், யார் யாருக்குப் பிறந்தார், எந்தக் கிளைக்கு எப்போது பட்டம் வந்தது, குடும்பத்துக்கு யார் உழைத்தார் என்று. எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் மாமாக்களும் பெரியப்பாக்களும்தான். பட்டம் தாங்கும் பெண்களே அபூர்வமாக இருந்த காலம். பெண்களுக்கு மதாய் பட்டம் கொடுக்காத கிராமங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அப்படிப்பட்ட சபையில், பத்து வருஷம் வெலிங்டனில் வளர்ந்துவிட்டு வந்த இருபது வயதுப் பெண் ஜெயித்தார். பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். ஃபியாமே ஆனார்.

எங்கள் அக்காவிடம் இதைப் பற்றி நான் வியந்து பேசியபோது அவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது. பட்டம் வாங்குவது பெரிசில்லை, அதற்கப்புறம் ஒவ்வொரு சாவுக்கும் கல்யாணத்துக்கும் முன்னால் நிற்க வேண்டும், தேவாலயத்துக்குக் கொடுக்க வேண்டும், சண்டைகளைத் தீர்க்க வேண்டும், அதை இருபது வயதில் ஏற்றுக்கொண்டது தான் பெரிசு என்றார். அவருடைய தம்பி மதாய் ஆன பிறகு வாரக் கடைசிகளை முழுசாக இழந்ததைப் பார்த்ததால் எனக்கும் அது புரிந்தது.

1985இல் ஃபியாமே லோட்டோஃபாங்காவிலிருந்து எம்.பி. ஆனார். அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட எல்லாத் தொகுதிகளிலும் மதாய்கள் மட்டுமே ஓட்டுப் போட முடியும், மதாய்கள் மட்டுமே தேர்தலில் நிற்க முடியும். அதாவது இருபது வயதில் அந்தக் கோர்ட்டில் தோற்றிருந்தால் அவருக்கு அரசியல் என்ற ஒன்றே இருந்திருக்காது. 1990இல் நடந்த பொது வாக்கெடுப்புக்குப் பிறகுதான் இருபத்தொரு வயதான எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்தது. தேர்தலில் நிற்பதற்கு மட்டும் இன்னமும் மதாய் பட்டம் வேண்டும்.

எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் 1991இல். அதன் பிறகு அமைந்த அமைச்சரவையில் ஃபியாமே கல்வி அமைச்சர். நாட்டின் முதல் பெண் அமைச்சர் அவர்தான். அந்த வருஷம் டிசம்பரிலேயே வால் புயல் வந்து பள்ளிக்கூடக் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. முந்தைய வருஷம்தான் ஓஃபா புயல் அடித்திருந்தது. இப்படி ஆரம்பித்த வேலையில் அவர் 2006 வரை பதினைந்து வருஷம் இருந்தார். பிறகு பெண்கள், சமூக வளர்ச்சித் துறை, அதன் பிறகு நீதித்துறை. 2016இல் துணைப் பிரதமர், கூடவே இயற்கை வளம், சுற்றுச்சூழல்.

இந்த முப்பது வருஷத்தைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாக இருக்காது. இத்தனை காலமும் அவர் இருந்தது மனித உரிமைப் பாதுகாப்புக் கட்சியில். 1980களிலிருந்து சமோவாவை ஆண்ட கட்சி, நடுவில் கொஞ்ச காலம் தவிர. 1998இலிருந்து துயிலாய்பா சைலேலே மாலியேலேங்காவோய் பிரதமர். எதிர்க்கட்சி என்று சொல்லவே ஆளில்லாத நாடாளுமன்றங்களை அந்தக் கட்சி நடத்தியது. கட்சி மாறினால் பதவி போகும் என்று சட்டம் போட்டது, எதிர்க்கட்சிகளுக்கு அங்கீகாரம் கிடைப்பதையே கஷ்டமாக்கியது. அந்த அமைச்சரவை மேசையில் ஃபியாமே உட்கார்ந்திருந்தார். 2021இல் அவருக்கு எதிராகப் பயன்பட்ட பல கருவிகள் அவரும் இருந்த அரசாங்கம் செய்தவை. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும், அதனாலேயே இதை மறைக்க மனமில்லை.

2020இல் துயிலாய்பா மூன்று மசோதாக்களைக் கொண்டுவந்தார். நிலம், பட்டங்கள் நீதிமன்றத்தைத் தனிக் கிளையாகப் பிரித்து, அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் கை வைக்க முடியாதபடி அரசியல் சட்டத்தைத் திருத்துவதுதான் அவற்றின் சாரம். சமோவா மரபை வெள்ளைக்காரன் சட்டத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்பது அரசாங்கத் தரப்பு வாதம். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. எங்கள் டீ ரூமிலேயே பாதிப் பேர் அதை ஆதரித்தார்கள். ஆனால் விளைவு என்ன? கிராம சபை ஒருவரை ஊரைவிட்டு விலக்கி வைத்தால், அவருடைய அடிப்படை உரிமை பறிபோனது என்று போய் முறையிட உச்ச நீதிமன்றத்தின் கதவு மூடியிருக்கும். சமோவாவின் வக்கீல்கள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. நீதிபதிகளும் கவலை தெரிவித்தார்கள்.

மரபின் பக்கம் நிற்க ஃபியாமேயைவிட அதிக உரிமை யாருக்கு? அந்த மரபுக் கோர்ட்டால் உயர்ந்தவர், நீதித்துறை அமைச்சராக இருந்தவர். அவர் மசோதாவை எதிர்த்தார். 2020 செப்டம்பரில் அமைச்சரவையிலிருந்து விலகினார், கட்சியையும் விட்டார். மசோதாக்கள் டிசம்பரில் நிறைவேறின. முப்பத்தைந்து வருஷம் ஒரே கட்சியில் இருந்துவிட்டு, அடுத்த பிரதமர் நாற்காலிக்கு ஒரு படி கீழே நிற்கும்போது இறங்கிப் போவது சாதாரணம் இல்லை.

ஃபாஸ்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்சியை அந்த வருஷம் நடுவில் லாவுலி என்ற முன்னாள் அமைச்சர் தொடங்கியிருந்தார். கடவுள் நம்பிக்கையும் சமோவாவின் ஒற்றுமையும் சேர்ந்த பெயர், சிவப்பு நிறம். 2021 மார்ச்சில் ஃபியாமே அதன் தலைவர். ஏப்ரல் 9 அன்று தேர்தல்.

வெளிநாட்டில் இருக்கும் சமோவாக்காரர்கள் ஓட்டுப் போட ஊருக்கே போக வேண்டும். கொரோனாவால் எல்லை மூடியிருந்ததால் அந்த வருஷம் இங்கிருந்து போக வழியில்லை. ஆகவே எல்லோரும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 51 இடங்கள். ஆளுங்கட்சிக்கு 25, ஃபாஸ்டுக்கு 25, ஒரு சுயேச்சை. அந்தச் சுயேச்சை, துவாலா பொனிஃபாசியோ, யார் பக்கம் போவார் என்று முடிவு செய்ய அவகாசம் கேட்டார்.

அவர் முடிவைச் சொல்வதற்கு முந்தின இரவு ஒரு வேலை நடந்தது. நாடாளுமன்றத்தில் குறைந்தது பத்து சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. ஐந்து பெண்கள் ஜெயித்திருந்தார்கள். 51இல் ஐந்து என்றால் 9.8 சதவீதம்தானே என்று கணக்குச் சொல்லி, ஆளுங்கட்சிப் பெண் ஒருவரை 52ஆவது உறுப்பினராக அறிவித்தார்கள். மறுநாள் துவாலா ஃபாஸ்டில் சேர்ந்தார். 26க்கு 26. பெண்களை உள்ளே கொண்டுவரப் போட்ட விதி, முதல் பெண் பிரதமர் உள்ளே வருவதைத் தடுக்கக் கிளம்பியது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் திரும்ப வருகிறது.

சமநிலையைக் காரணம் காட்டி, நாட்டின் தலைவர் (நம் ஜனாதிபதி மாதிரி ஒரு பதவி) மறுதேர்தல் அறிவித்தார். மே 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கூடுதல் இடமும் செல்லாது, மறுதேர்தலும் செல்லாது என்றது. தேர்தல் முடிந்து 45 நாளுக்குள் நாடாளுமன்றம் கூட வேண்டும், அது அரசியல் சட்டம். கணக்குப்படி கடைசி நாள் மே 24, திங்கட்கிழமை. அதற்கும் அழைப்பு விடப்பட்டது. சனிக்கிழமை இரவு, காரணம் பிறகு சொல்லப்படும் என்று அந்த அழைப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. ஞாயிறு சமோவாவில் தேவாலயத்துக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் மட்டுமான நாள், கடைகூட அநேகமாகத் திறக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீதிபதிகள் கூடி, நிறுத்தி வைத்தது செல்லாது, நாளைக்கு நாடாளுமன்றம் கூடத்தான் வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

திங்கட்கிழமை எனக்குப் பகல் ஷிப்ட். சமோவாவின் கடிகாரம் எங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால். அக்கா தன் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார். தலைமை நீதிபதி சத்தியூ பெரேசே, மற்ற நீதிபதிகளோடு சடங்கு உடையில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு நடந்து வருகிறார். கதவுக்குப் போகிறார். பூட்டியிருக்கிறது. நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். டீ ரூமில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் இல்லத்துத் தாத்தா ஒருவர், எண்பது தாண்டியவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தத் திரையைப் பார்த்து அழுதார். 1962 ஜனவரியில் கொடி ஏறியதை முலினூ மைதானத்தில் நின்று பார்த்தவர் அவர்.

சிவப்பு உடுத்திய கூட்டம் கலையவில்லை. புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். தேவாலயப் பாட்டுகள் பாடினார்கள். சாயங்காலம் அந்தக் கூடாரத்திலேயே ஃபாஸ்ட் எம்.பி.க்கள் பதவியேற்றார்கள், ஃபியாமே பிரதமராக உறுதிமொழி எடுத்தார். அதைத் தேசத்துரோகம் என்றார் துயிலாய்பா. நாற்காலியையும் விடவில்லை.

அடுத்த இரண்டு மாதம் நாட்டில் இரண்டு பிரதமர்கள். நான் அந்தச் சமயத்தில் ஃபியாமேயின் பேட்டிகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரே தொனி. குரல் உயராது. கோர்ட் சொல்லட்டும், காத்திருக்கலாம். தெருவில் இறங்குங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருந்தது. எல்லாக் குடும்பமும் எல்லாக் குடும்பத்துக்கும் சொந்தமான நாடு. சமோவாவில் ராணுவமும் கிடையாது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஜூலை 23 அன்று, உச்ச நீதிமன்றத்துக்கும் மேலே இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம், கூடாரத்தில் எடுத்த உறுதிமொழி செல்லும், மே 24 முதலே ஃபாஸ்ட்தான் அரசாங்கம் என்று தீர்ப்புச் சொன்னது. சில நாளில் துயிலாய்பா விலகினார். கோர்ட்டுகளுக்கு மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று பதவியைத் துறந்தவரை, கடைசியில் பதவியில் உட்கார வைத்ததும் கோர்ட்தான்.

பிரதமராக அவர் செய்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆப்பியாவுக்குப் பக்கத்தில் வைவூசு விரிகுடாவில் சீன உதவியோடு கட்டவிருந்த, சுமார் பத்து கோடி அமெரிக்க டாலர் துறைமுகத் திட்டத்தை நிறுத்தினார். நாட்டின் வெளிக்கடனில் சுமார் நாற்பது சதவீதம் ஏற்கனவே சீனாவுக்குக் கொடுக்க வேண்டியது, சின்ன நாட்டுக்கு இவ்வளவு பெரிய துறைமுகம் எதற்கு என்று கேட்டார். அதற்காகச் சீனாவோடு உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் பத்து லட்சம் தாலா (சமோவாவின் நாணயம்) என்ற வளர்ச்சித் திட்டம் வந்தது. கடல் மட்டம் உயர்வதால் தவிக்கும் சின்னத் தீவு நாடுகளின் கூட்டமைப்புக்கு 2023, 2024இல் சமோவா தலைமை தாங்கியது. 2024 அக்டோபரில் காமன்வெல்த் தலைவர்கள் மாநாடு ஆப்பியாவில் நடந்தது. மன்னர் சார்லஸ் வந்தார். பசிபிக்கின் சின்னத் தீவு நாடு ஒன்று அதை நடத்தியது அதுவே முதல் தடவை. அதே மாதம்தான் நியூசிலாந்துக் கடற்படையின் மனவானுய் கப்பல் உபொலுவின் தென்கரைப் பவளப்பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 75 பேரும் தப்பினார்கள், எண்ணெய் கடலில் கலந்தது. மாநாட்டு வேலையோடு இதையும் சேர்த்து அவர் அரசாங்கம் சமாளிக்க வேண்டியிருந்தது.

பிறகு வீழ்ச்சி. 2025 ஜனவரியில், கட்சியைத் தொடங்கியவரும் அப்போது அமைச்சருமான லாவுலி மேல் போலீஸ் வழக்குப் பதிந்தது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார், பதவி விலகவும் மறுத்தார். ஃபியாமே அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். சில நாளில் கட்சி ஃபியாமேயை நீக்கியது. எம்.பி.க்களில் பெரும்பாலோர் லாவுலி பக்கம். பெரும்பான்மை இல்லாமலே அரசாங்கத்தை நடத்தினார். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த இரண்டு நம்பிக்கையில்லாத் தீர்மானங்களைத் தாண்டினார். அதே சமயம் உபொலுவில் மின்சாரம் தொடர்ந்து போய், அவசர நிலை அறிவிக்க வேண்டிய அளவுக்கு மோசமானது. மே 27 அன்று அவருடைய பட்ஜெட்டை 34 பேர் எதிர்த்தார்கள், ஆதரவு 16. அன்றைக்கே, நாடாளுமன்றத்தைக் கலைக்கச் சொல்லப் போவதாக அறிவித்துவிட்டார். நான்கு வருஷத்துக்கு முன்னால் கதவைப் பூட்டியவர்கள் செய்ததையும் இதையும் எங்கள் டீ ரூமில் எல்லோருமே ஒப்பிட்டுப் பேசினார்கள், அவருக்கு எதிராக ஓட்டுப் போட நினைத்தவர்கள் உட்பட.

ஆகஸ்ட் 29 தேர்தல். இந்தத் தடவை எல்லை திறந்திருந்தது. அக்கா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். ஃபியாமே புதிதாகத் தொடங்கிய சமோவா ஒன்றிணைக்கும் கட்சிக்குக் கிடைத்தது மூன்று இடம். லாவுலியின் ஃபாஸ்ட் முப்பது, துயிலாய்பாவின் கட்சி பதினான்கு. செப்டம்பரில் லாவுலி பிரதமரானார்.

திரும்பி வந்த அக்கா ஃபியாமேயின் கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை என்று சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது, மறைக்கவில்லை. அக்கா காரணம் சொன்னார். அம்மா வீட்டில் சமைக்கும்போது கரண்ட் போகிறது, மருந்து வைத்த ஃப்ரிட்ஜ் நின்றுபோகிறது, கோழியும் அரிசியும் விலை ஏறிவிட்டது. ஆப்பியாவில் மன்னர் வந்து போனதால் அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். அதில் நியாயம் இருக்கிறது. பொதுமக்களுக்கு விஷயத்தை விளக்கிச் சொல்வதில் ஃபியாமே எப்போதுமே சுணக்கம் காட்டினார் என்று நானும் நினைக்கிறேன். அதைவிடப் பெரிய குறை, அவர் வேறொருவர் கட்டிய கட்சிக்குத் தலைவராக வந்து, நான்கு வருஷம் ஆட்சியில் இருந்தும் அந்தக் கட்சிக்குள் தனக்கென்று ஆட்களைச் சேர்க்கவில்லை. லாவுலி தொகுதி தொகுதியாகப் போய்க்கொண்டிருந்தார். 2025இல் பிளவு வந்தபோது யார் எங்கே நிற்பார்கள் என்பது அதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

லோட்டோஃபாங்கா மட்டும் அவரைக் கைவிடவில்லை. 1985இல் முதல் தடவை ஜெயித்த அதே தொகுதி, நாற்பது வருஷம் கழித்தும் அவரைத் திரும்ப அனுப்பியிருக்கிறது. மூன்று பேர் கொண்ட கட்சியோடு அவர் இப்போது நாடாளுமன்றத்தில் இருக்கிறார். அந்த 2020 மசோதாக்களைப் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. அடுத்து அது சபைக்கு வரும்போது, மதாய் பட்டத்துக்காகவும் உச்ச நீதிமன்றத்துக்காகவும் ஒரே வாயால் வாதாடக்கூடிய ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார்.